இறுவட்டின் பெயர்ச்சிட்டை: கொழும்புத் தமிழர் இல்லங்களிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஈழத்துத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொள்வர். அண்மைக் காலத்துக்கு வரும்போது பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் அவ்வரிசையிற் சேர்கின்றன. ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் உறவினர் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரும் அவற்றுள் ஒன்றாகும். அம்மலரை நம்மவர் ‘கல்வெட்டு’ என்றே வழங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது. பெயரும் ஊரும் நாளும் அழியாது நிற்கவேண்டும் என்ற விருப்பமே அச்சொல்லாட்சியில் வெளிப்படுகின்றது எனலாம்.

இவ்வரிசையில் இன்னும் இடம்பெறாத ஒரு சான்றைப் பற்றியதே இக்கட்டுரை. 2000 ஆம் ஆண்டை அடுத்த பதினைந்து ஆண்டுக் காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளில் இறுவட்டுக்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தன. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பரதநாட்டிய அரங்கேற்றம், கோயிற் கும்பாபிஷேகம், அந்தியேட்டி என வாழ்வின் எல்லா நிகழ்வுகளும் அவற்றிற் பதியப்பட்டன. அவற்றிற் பலவற்றின் முகத்தில் வீட்டிலிருந்த அச்சுப்பொறியைக் கொண்டே படமும் எழுத்தும் பொறிக்கப்பட்டன. பேச்சு வழக்கில் ‘லேபல்’ எனப்படும் இப்பெயர்ச்சிட்டையை ஓர் அலங்காரமாக மட்டுமே பலர் கருதுவர். அதனை யான் ஓர் ஆவணமாக நோக்க விரும்புகின்றேன். அதற்கான காரணம் எளியது. இவ்வட்டுக்களுட் பெரும்பாலானவற்றின் உள்ளே எவருடைய பெயரும் இல்லை. அது சிட்டையில் மாத்திரமே உண்டு.

இதன் பொருளை உணர்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

தட்டை வடிவிலான இசைத்தட்டை 1887 ஆம் ஆண்டில் எமில் பேர்லினர் உருவாக்கினார். அவருடைய தொடக்ககாலத் தட்டுக்களில் தாட்சிட்டை இருக்கவில்லை. பாட்டின் பெயரும் பாடியவரின் பெயரும் தட்டின் நடுப்பகுதியிலேயே கீறப்பட்டன. 1900 ஆம் ஆண்டளவிலேயே வட்டமான தாட்சிட்டை வழக்கிற்கு வந்தது. அரக்குக் கலவையாலான பழைய தட்டுக்களிற் காணப்படும் சிட்டை பசைகொண்டு ஒட்டப்பட்டதன்று. சூடாக்கப்பட்ட கலவை அச்சுப்பொறியில் அழுத்தப்படும் அதே கணத்தில் தாளும் அதனுடன் சேர்த்து அழுத்தப்பட்டது. நூறாண்டு கடந்த தட்டிலும் சிட்டை உரிந்து விழாமைக்கு இதுவே காரணம். அத்துடன், பதிவின் மூல எண் சிட்டையை அண்டிய வெற்றுவளையத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். சிட்டை சிதைந்தாலும் அவ்வெண்ணைக் கொண்டு நிறுவனத்தின் பதிவேட்டைத் தேடிப் பாடியவரைக் கண்டறியலாம். ஆகவே பழைய இசைத்தட்டில் ஒரே செய்திக்கு இரு சாட்சிகள் இருந்தன.

இசைத்தட்டுக்குச் சிட்டை எழுதுவோனும் பாடுவோரும் வெவ்வேறு கண்டங்களில் இருந்தமையால் எழுந்த ஓர் இடர்ப்பாடு இந்திய இசை வரலாற்றிற் புகழ்பெற்றது. 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவிற் பதிவுகளைச் செய்தபோது, பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்திற் கூவியறிவித்தார். அக்காலத்தில் மூலப்பதிவுகள் கப்பலேறி ஜேர்மனியிலுள்ள ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குச் சென்றே தட்டுக்களாயின. அங்கிருந்த தொழிலாளருக்கு இந்திய மொழிகளும் இந்தியப் பெயர்களும் அறிமுகமற்றவை. எத்தட்டுக்கு எச்சிட்டை என்பதில் அவர்கள் மயங்காதிருக்கும் பொருட்டே இவ்வறிவிப்பு என்று ஆய்வாளர் விளக்குவர். 1908 இல் கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் ஆலை நிறுவப்பட்டபின் இத்தேவை படிப்படியாக மறைந்தது. குரலே தனக்குச் சிட்டையாக நின்ற இந்நிகழ்ச்சியை வாசகர் நினைவிற் கொள்ளல் நன்று. இதற்கு மீளவும் வரவேண்டியுள்ளது.

தமிழ் இசைத்தட்டுக்களின் சிட்டைகள் தனியாக ஆராயத்தக்கவை. பாடியவரின் ஊர், இராகம், தாளம், நாடகத்தின் அல்லது படத்தின் பெயர், பக்கவாத்தியம் எனப் பல செய்திகளைச் சில அங்குல வட்டத்துள் அவை அடக்கின. 1920களிற் கொழும்பு மேடையில் ஒருங்கே நடித்த எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் பாட்டுக்களும், 1930களில் சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ‘ஓடியன்’ என்னும் பெயரில் வெளியிட்ட தட்டுக்களும் இவ்வகையின. நாடக மேடையின் வரலாற்றை எழுதுவோருக்கு விளம்பரத் துண்டுகள் கைகொடுக்காத இடத்தில் இச்சிட்டைகள் கைகொடுத்துள்ளன.

இலங்கையைப் பொறுத்தவரை இச்சிட்டையைக் கண்ணாற் கண்டோரிலும் காதாற் கேட்டோரே மிகுதி. 1950 இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில், எஸ். பி. மயில்வாகனம் முதலான அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், பாடியோர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என முறையாகச் சொல்லிப் பழக்கினர். கடல் கடந்து தமிழகத்திலும் அது கேட்கப்பட்டது. இசைத்தட்டின் சிட்டையே அவ்வழகிய தமிழில் வாசிக்கப்பட்டது என்று கூறினும் பிழையாகாது. வானொலிப்பெட்டி மாத்திரம் இருந்து இசைத்தட்டை ஒருபோதும் தொட்டறியாத வீட்டிலும் பாட்டுடன் அதற்குரியோரின் பெயரும் சேர்ந்தே மனனமாயிற்று. எம் தலைமுறைக்கு முந்தியோர் எந்தப் பழைய பாட்டைக் கேட்டாலும் உடனே நான்கு பெயர்களைச் சொல்வதன் இரகசியம் இதுவே.

சிட்டையின் நம்பகத்தன்மைக்குச் சட்டமும் துணைநின்றது. 1961 ஆம் ஆண்டின் உரோம் உடன்படிக்கையும் 1971 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும், வட்டத்தினுள் ‘பி’ என்னும் உரோம எழுத்தையும் முதல் வெளியீட்டு ஆண்டையும் உரிமையாளரின் பெயரையும் தட்டிலோ அதன் உறையிலோ பொறிக்கும் வழக்கத்தை உலகிற் பரவச் செய்தன. அவ்வகையில், 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்த காலத்தில், சிட்டை என்பது ஒரு நிறுவனம் பொதுமக்களுக்கு அளித்த வாக்குமூலமாகவே விளங்கிற்று.

ஒலிநாடாவின் வருகையோடு இந்நிலை குலைந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகஞ்செய்த கசெற் இரண்டு தசாப்தங்களுள் வீடுதோறும் புகுந்தது. ஒலிப்பதிவு நிலையத்திற் பாட்டுக்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு மறுநாள் கசெற்றைப் பெற்றுக்கொண்ட அனுபவம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்த பலருக்கு உண்டு. கசெற்றின் முகத்திலும் அதன் பெட்டிக்குள் மடித்த அட்டையிலும் பெயர் பேனாவினால் எழுதப்பட்டது. நிறுவனம் அச்சிட்ட இடத்தில் இப்போது ஒரு மனிதரின் கையெழுத்து வந்தது. எழுத்துப் பிழை இருக்கும். இராகத்தின் பெயர் மாறியிருக்கும். எனினும் அது எவருடைய கையெழுத்து என்பதை வீட்டார் அறிவர். யார் சொன்னது என்று தெரிந்த சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே.

இனி இறுவட்டுக்கு வருவோம். 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு முதலில் ஆலைப் பண்டமாகவே இருந்தது. ஒருமுறை எழுதத்தக்க இறுவட்டுக்கான நியமம் 1990 இல் வகுக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுதுகருவி சாதாரண கணினிகளிலும் இடம்பெறத் தொடங்கியது. வட்டின் முகத்தில் என்ன எழுதுவது என்ற வினா அப்போதே எழுந்தது. முதலிற் பேனாவினால் எழுதினர். பின்னர், பசைத்தாளில் அச்சிட்டு ஒட்டினர். இது பெருந்தவறாக முடிந்தது. மிகு வேகத்திற் சுழலும் வட்டில் ஒரு பக்கம் சற்றே விலகி ஒட்டப்பட்ட தாள் சமநிலையைக் குலைத்தது. வெப்பத்திற் பசை இளகியது. உரித்தெடுக்க முயன்றவர்கள் தாளுடன் ஒளித்தெறி படலத்தையும் சேர்த்தே உரித்தெடுத்தனர். அமெரிக்காவின் தேசியத் தர, தொழினுட்ப நிறுவனம் 2003 இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டி, நெடுங்காலம் காக்கவேண்டிய வட்டுக்களிற் பசைச்சிட்டையைத் தவிர்க்குமாறும், எழுதுவதாயின் நீர் சார்ந்த மையுடைய மென்முனைப் பேனாவைப் பயன்படுத்துமாறும் அறிவுறுத்தியது.

வட்டிலேயே நேராக அச்சிடும் முறை இதற்கு மாற்றாக வந்தது. வட்டின் மேற்பரப்பில் மையை உறிஞ்சவல்ல வெண்பூச்சொன்று பூசப்பட்டது. வட்டைத் தாங்கும் தட்டமொன்றை அச்சுப்பொறியினுள் செலுத்த, தாளில் மை தெளிப்பது போலவே வட்டின் மீதும் மை தெளிக்கப்பட்டது. 1990களிற் தொழில்முறைப் பொறிகளுக்கே உரியதாயிருந்த இவ்வசதியை, 2002 அளவில் எப்சன் நிறுவனம் வீட்டுப் பொறிகளிற் புகுத்தியது. கனன் முதலிய பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

வேறொரு வழியும் முயலப்பட்டது. ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் 2004 இல் அறிவித்த ‘லைற்ஸ்கிறைப்’ முறையில் மையும் இல்லை, அச்சுப்பொறியும் இல்லை. தரவை எழுதி முடித்தபின் வட்டைக் கவிழ்த்து அதே கருவியில் இட்டால், மேற்பூச்சிலுள்ள சாயத்தை லேசர் ஒளி நிறம் மாறச் செய்து படம் வரையும். ஒற்றை நிறப் படமே கிடைக்கும். முழுச் சிட்டையொன்றை நிறைவுசெய்ய அரைமணி நேரம் வரை காத்திருத்தல் வேண்டும். வட்டின் நடுவளையத்தில் அமைந்த குறியீட்டைக் கொண்டு கருவி வட்டின் கோணத்தை அறிந்துகொள்ளும். அதனால் முன் வரைந்த சிட்டையின் வெற்றிடத்திற் பின்னொரு நாள் புதுவரி சேர்க்கவும் முடிந்தது. பழைய சாசனத்திற் பிற்காலத்தார் வரி சேர்த்தது போன்ற இவ்வசதி என்னைக் கவர்ந்த ஒன்று. ஆயினும் ஒளியில் வைத்தால் அச்சிட்டை வெளிறிப்போகும் என்ற குறை தீரவில்லை. சில ஆண்டுகளில் அம்முறை வழக்கொழிந்தது.

இப்பொருள்கள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் எங்ஙனம் வந்து வேரூன்றின? 1983 யூலை வன்செயலின் பின்னர் கொழும்புத் தமிழர் பலர் கடல் கடந்தனர். வடக்கிலிருந்து வந்து, வீசாவுக்கும் விமானத்துக்குமாக விடுதி அறைகளிற் காத்திருந்தோரால் இவ்விரு பகுதிகளும் நிறைந்தன. மணமகன் சூரிச்சிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருவார். மணமகள் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். திருமணம் வெள்ளவத்தையில் அல்லது பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடைபெறும். இரு வீட்டாரின் உறவினருட் பாதிப்பேர் வர இயலாதவர்கள். அவர்கள் காணும் பொருட்டே இறுவட்டு வேண்டப்பட்டது. வீடியோ எடுப்பவர் தாய்ப்பிரதி ஒன்றைத் தருவார். ஏனைய படிகளைக் கணினி அறிந்த மருமகனோ மகளோ வீட்டிலேயே எடுத்துச் சிட்டையும் அச்சிடுவர். 2002 இன் போர்நிறுத்தத்தையடுத்து வெளிநாட்டு உறவினர் வருகை பெருகியபோது இவ்வழக்கம் உச்சநிலையை எய்தியது என்பது என் கணிப்பு.

இச்சிட்டைகளுக்கென ஒரு மரபே உருவாகியிருந்தது. வட்டின் நடுவில் 15 மில்லிமீற்றர் விட்டமுடைய துளை உள்ளது. எனவே இணைந்து நிற்கும் மணமக்களின் புகைப்படத்தை அப்படியே அச்சிட இயலாது. துளை எவர் முகத்திலேனும் விழும். முதல் முயற்சியில் மணமகளின் நெற்றியைத் துளை விழுங்கிய வட்டொன்று எங்கள் வீட்டில் நெடுங்காலம் தேநீர்க் கோப்பை வைக்கப் பயன்பட்டது. ஆகவே மணமகன் ஒருபுறமும் மணமகள் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டு மேலே பிள்ளையாரும் கீழே நாளும் மண்டபமும் இடம்பெற்றன. அச்சிட்ட திருமண அழைப்பிதழின் அமைப்பே வட்டமாக வளைக்கப்பட்டது எனலாம். இன்னொரு சிறுகுறிப்பும் பல சிட்டைகளில் உண்டு. இலங்கைத் தொலைக்காட்சி ‘பால்’ முறையைச் சார்ந்தது, கனடாவிலோ ‘என்.ரி.எஸ்.சி.’ முறை வழங்கியது. ஆதலால் எந்த வட்டு எந்த முறைக்குரியது என்பதைச் சிட்டையிற் குறித்தனர். ஒரு குடும்பம் எந்தெந்த நாடுகளிற் சிதறியது என்பதை இவ்வெழுத்துக்களிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். குடிபெயர்வை ஆராய்வோர் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். அக்காலச் சிட்டைகள் பெரும்பாலும் ‘பாமினி’ எழுத்துருவில் அமைந்தவை. அச்சிட்டபின் அது நல்ல தமிழாகவே தோன்றும். ஆனால் அதே எழுத்துருவில் எழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துக்களே தெரியும். ஆகச் சிட்டையின் கணினி மூலம் இன்று கிடைத்தாலும், அதனைப் படிக்கவல்லோர் ஒருவரைத் தேடவேண்டும். வட்டெழுத்தைப் படிக்க ஆள் தேடிய காலம் போலும் இது.

முன்னர் கூறிய காரணத்தை இப்போது விரித்துரைக்கலாம். இசைக்குரிய இறுவட்டின் அடிப்படை நியமத்திற் பாடியவரின் பெயருக்கோ பாட்டின் பெயருக்கோ இடமில்லை. ஒலியும் தடங்களின் எண்ணும் கால அளவுமே அதில் உண்டு. பெயரை உள்ளேயே எழுதும் வசதி 1996 இற் சேர்க்கப்பட்டதாயினும் வீட்டில் வட்டு எழுதியோர் அதனைப் பொருட்படுத்தியது அரிது. டிவிடி வட்டின் நிலையோ இன்னும் விசித்திரமானது. அதனுள் அமையும் கோப்புக்களின் பெயர்கள் நியமத்தினால் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. உலகில் எவ்வீட்டுத் திருமண வட்டைத் திறந்தாலும் அதே பெயர்களே காணப்படும். கோப்பின் திகதியும் வட்டை எழுதிய கணினியின் கடிகாரம் காட்டிய திகதியேயன்றி நிகழ்வின் திகதி அன்று. இசைத்தட்டின் வெற்றுவளையத்து எண்ணுக்கு ஒப்பாக, எழுதத்தக்க வட்டிலும் ஒரு குறியீடு உண்டுதான். ஆனால் அது வெற்று வட்டைச் செய்த ஆலையைக் காட்டுமேயன்றிப் பாடியவரைக் காட்டாது. நூல்களைப் பொறுத்தவரை அச்சகத்தின் பெயரும் பதிவேடும் உண்டு. வீட்டில் அச்சான வட்டுக்கு அவையும் இல்லை. இரு சாட்சிகள் இருந்த இடத்தில் ஒரு சாட்சியே எஞ்சியது, அதுவும் மைப்படலமாக.

அம்மைப்படலம் உறுதியானதா? அன்று. வீட்டுப் பொறிகளிற் பெரும்பாலும் நீரிற் கரையும் சாயமையே பயன்பட்டது. விலை கருதி மீள்நிரப்பிய மையையும் பலர் பயன்படுத்தினர். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் உள்ள தொடர்மாடிகளில் உப்புக்காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. வியர்த்த விரலே போதும், மை பரவுவதற்கு. வெயில் படும் அலுமாரியிற் சிவப்பும் மஞ்சளும் வெளிறி மணமக்கள் நீல நிழல்களாக எஞ்சியிருப்பதைக் கண்டுள்ளேன்.

இதனுடன் மற்றொரு தீங்கும் சேர்கின்றது. இறுவட்டின் கீழ்ப்பக்கமே மென்மையானது என நாம் நினைப்பதுண்டு. உண்மையில் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இறுவட்டிற் தரவைத் தாங்கும் படலம் சிட்டைப் பக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளது. மெல்லிய அரக்குப்பூச்சு ஒன்றே இடையில் உண்டு. குமிழ்முனைப் பேனாவினால் அழுத்தி எழுதினாற் பெயர் நிலைக்கும், பாட்டுச் சிதையும். டிவிடியிற் படலம் இரு தகடுகளின் நடுவே அமைவதால் இவ்வச்சம் குறைவு. எவ்வாறாயினும் இறுவட்டைப் பொறுத்தவரை பெயரும் பொருளும் தலைமயிரின் தடிப்புக்கும் குறைந்த இடைவெளியில் வாழ்கின்றன.

இவ்வளவும் பொதுப்பட உரைத்தது. என்னை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது எமது குடும்பத்தின் வட்டொன்றாகும். என் அப்பம்மா தேவாரம் பாடுவதில் வல்லவர் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தோம். 1970களிற் குடும்பத்தார் கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்த காலத்தில் என் தந்தையார் எடுத்த ஒலிநாடா ஒன்று இருந்தது. 1983 இல் அவ்வீட்டை விட்டு நீங்க நேர்ந்தபோது பொருள்கள் எல்லாம் போயின. நாடா மாத்திரம் முன்னரே உறவினர் ஒருவரால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டமையாற் பிழைத்தது. அப்பம்மா மறைந்தபின் 2004 இல் என் ஒன்றுவிட்ட தம்பி அதனை இறுவட்டாக்கினான். பழைய நாடாவிற் பூஞ்சணம் பிடித்திருந்தது. படியெடுத்தபின் அதனையும், கையெழுத்துடன் கூடிய அட்டையையும் எறிந்துவிட்டனர். இறுவட்டின் முகத்தில் அப்பம்மாவின் புகைப்படம், குத்துவிளக்கு, ‘நினைவலைகள்’ என்ற தலைப்பு. பாடியவர் பெயர் என எதுவும் இல்லை. புகைப்படம் இருக்கும்போது பெயர் எதற்கு என்று எண்ணியிருப்பான். அந்தியேட்டியன்று படிகள் வழங்கப்பட்டன. சில ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சென்றன.

இருபது ஆண்டுகளாக நாம் அதனை அப்பம்மாவின் குரலாகவே கேட்டு வந்தோம். பேரப்பிள்ளைகள் சிலர் அக்குரலைக் கேட்டே அத்தேவாரங்களைப் பாடப் பழகினர். அண்மையில் வட்டு தடங்கித் தடங்கி ஓடத் தொடங்கியமையால் அதனைக் கணினிக்கு மாற்ற முற்பட்டபோது முதன்முறையாகச் செவிக்கருவி அணிந்து முழுவதையும் கேட்டேன். தம்பி ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் இருந்த இரைச்சலையும் பேச்சையும் வெட்டியிருந்தான். அக்காலத்தில் எல்லோரும் செய்ததே அது. ஏழாவது தடத்தில் இரு பதிகங்களுக்கு நடுவில் இருந்த சிறு இடைவெளி அவன் கண்ணுக்குத் தப்பியிருந்தது. தூரத்தில் ஒரு தேவாலய மணி. புனித லூசியா பேராலயத்தின் மணியாகவே இருத்தல் வேண்டும். அதனைத் தொடர்ந்து இளவயதில் என் தந்தையாரின் குரல்: “சின்னம்மா, மற்றதையும் பாடுங்கோ.”

தந்தையார் தம் தாயைச் சின்னம்மா என அழைத்திருக்க முடியாது. அப்பம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தார். மணமாகாதவர், கொட்டாஞ்சேனை வீட்டில் இவர்களுடனேயே வாழ்ந்து 1980களில் மறைந்தவர். அவருக்குக் கல்வெட்டு அச்சிடப்படவில்லை. எம்மிடம் அவருடைய புகைப்படமும் இல்லை. கல்கத்தாவில் 1902 இல் ஒரு பாடகி ஹனோவரிலுள்ளோர் பொருட்டுத் தம் பெயரைக் கூவினார். இங்கே பாடியவர் கூவவில்லை. மருமகன் போன்ற மகன் ஒருவனின் வாய்ச்சொல் தற்செயலாக அக்கடமையைச் செய்துள்ளது. ஏழாவது தடம் ஒன்றை மட்டுமே இச்சான்று உறுதிப்படுத்துகின்றது என்று என் சிறிய தந்தையார் வாதிட்டார். ஏனைய தடங்களில் அப்பம்மாவும் பாடியிருக்கலாம் என்பது அவர் கட்சி. இரு சகோதரிகளின் குரல் ஒத்திருப்பது இயல்பே. ஆயினும் எல்லாத் தடங்களிலும் மூச்சு வாங்கும் இடமும், அடியின் ஈற்றை இழுத்து நிறுத்தும் பாங்கும் ஒன்றாகவே உள்ளன என்பது என் கருத்து. அவர் அதனை இன்னும் ஏற்கவில்லை.

சிட்டையை மாற்றி அச்சிடலாம் என்று தம்பி கூறினான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். 2004 ஆம் ஆண்டில் இக்குடும்பம் எதனை நம்பியது என்பதற்கு அச்சிட்டையே சான்று. அதனை அழித்தால் மற்றொரு சான்றை இழப்போம். ஒலிக்கோப்பின் பெயரில் சின்ன அப்பம்மாவின் பெயரை இட்டோம். தாய்ப்பிரதியின் நடுவில், துளையைச் சுற்றியுள்ள தரவற்ற கண்ணாடி வளையத்தில், நீர்மைப் பேனாவினால் அவர் பெயரையும், ‘7 ஆம் தடம் நோக்குக’ என்ற குறிப்பையும், அதனை எழுதியவன் என்ற வகையில் என் பெயரையும் திகதியையும் எழுதியுள்ளேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள படிகளில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.